சுய முன்னேற்றம் எங்கே முடிகிறது, ஆன்மீகம் எங்கே தொடங்குகிறது?

(சித்தூரில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சுய முன்னேற்றமும் ஆன்மீகமும்" என்ற தலைப்பைக் கொடுத்து என்னைப் பேசப் பணித்திருக்கிறார்கள். நான் வேதாந்தத்தை முறையாகப் படித்தவன் அல்லன். கல்லூரியில் படித்தது பௌதிகம். பிறகு முப்பது வருஷங்களுக்கு மேல் பார்த்தது அரசாங்கக் கோப்புகள். ஆகவே உபன்யாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு விஷயத்தைக் கோப்பில் எப்படி எடுத்து வைப்போமோ, அதாவது பொருள், பின்னணி, பரிசீலனை, முடிவு என்று, அந்த வரிசையில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பொருள். ஓய்வு பெற்ற பிறகு நம்மில் பலருக்கு நாள் முழுவதும் கையில் இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சி, பிராணாயாமம், சந்தியாவந்தனம், சகஸ்ரநாமம், மாலையில் ஒரு உபன்யாசம் என்று நேரத்தை நல்லபடியாகவே கழிக்கிறோம். நம் பிள்ளைகளும் சும்மா இல்லை. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு தியான வகுப்பு, யோகா வகுப்பு, ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று பணம் கட்டிச் சேருகிறார்கள். இத்தனையும் செய்து பத்து வருஷம் ஆன பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? நான் மாறியிருக்கிறேனா? மாறியிருந்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிகிறதா?

ஆவணி அவிட்டத்தன்று நம்மில் பலர் காமோகார்ஷீத் ஜபம் செய்கிறோம். நம் தவறுகளுக்குக் காமமும் கோபமும் காரணம் என்று ஒப்புக்கொள்வதுதான் அதன் கருத்து. அதை நூற்றெட்டு தடவை எண்ணி முடித்த கையோடு, வடை ஆறிவிட்டது என்று சமையலறையைப் பார்த்துக் கோபிக்கிறவர்களும் உண்டு. (சிரிப்பு) எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கோபமும் அப்படியே இருக்கிறது. ஆகவே நாம் செய்வது சுய முன்னேற்றமா, ஆன்மீகமா, இரண்டும் ஒன்றா, வேறா என்று பார்க்க வேண்டியது நமக்கு அவசியமான காரியமே.

இனி பின்னணி. சுய முன்னேற்றம் என்பது ஏதோ நேற்று வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1859-ல் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. அதே வருஷம் லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவரின் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற புத்தகமும் வெளிவந்தது. உழைப்பாலும் விடாமுயற்சியாலும் உயர்ந்தவர்களின் கதைகள் அதில் உண்டு. தமிழில் டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' புத்தகத்தைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேர்.

ஸ்மைல்ஸுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னால், மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்தார். விஞ்ஞானி அல்லவா, தன்னையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொண்டார். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு சிறிய நோட்டில் கட்டம் கட்டி, ஒவ்வொரு நாளும் தவறிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேஷ கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. முதலில் அவர் எழுதிய பட்டியலில் பன்னிரண்டு குணங்களே இருந்தன. "உன்னைக் கர்வம் பிடித்தவன் என்று ஊரில் சொல்கிறார்களே" என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. வயதான காலத்தில் தன் சரித்திரத்தை எழுதும்போது, கர்வத்தை முழுவதும் வென்றுவிட்டதாக எண்ணினாலும் அந்தப் பணிவைப் பற்றியே கர்வம் வந்துவிடும் என்ற கருத்தை அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த ஒரு இடத்தில்தான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மற்றப் பன்னிரண்டுக்கும் நோட்டு உதவியது. பதின்மூன்றாவதில், புள்ளி வைக்கிற கையே குறுக்கே நின்றது.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வருஷாந்தர மதிப்பீட்டு அறிக்கையில் சுய மதிப்பீடு என்று ஒரு பகுதி உண்டு. அதை உத்தியோகஸ்தரே எழுத வேண்டும். அதில் யாராவது தன்னைக் குறைத்து எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் அந்த அறிக்கை அதோடு முடிவதில்லை. மேலதிகாரி எழுத வேண்டும், அதற்கும் மேலே ஒருவர் பரிசீலிக்க வேண்டும். பௌதிக ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதான். ஒரு தராசு சரியா என்று அதே தராசை வைத்துப் பார்க்க முடியாது. நிச்சயமான எடைக்கல் வெளியிலிருந்து வரவேண்டும். கடைக்காரர் தராசுக்கே அரசாங்க முத்திரை வேண்டுமென்றால் மனசுக்கு வேண்டாமா?

இனி பரிசீலனை. 1911-ல் உருவான நமது பழைய சித்தூர் மாவட்டம் 2022-ல் பிரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய எல்லைக்குள் இருந்த மூன்று ஊர்கள் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் சொல்கின்றன. காணிப்பாக்கம், மதனப்பள்ளி, திருமலை.

காணிப்பாக்கம் இங்கிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்பர். கிணற்றுக்குள் எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் சத்தியத்துக்குச் சாட்சி. வழக்குத் தகராறு உள்ளவர்கள் குளத்தில் ஸ்நானம் செய்து ஈரத்துணியோடு வந்து இவர் முன்னால் பிரமாணம் செய்வது நெடுநாளைய வழக்கம். இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. குடியை விடுகிறேன், புகையை விடுகிறேன், சூதாட்டத்தை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருகிறவர்கள். பெரும்பாலும் மனைவியோ தாயாரோ கூட வந்து நிற்பார்.

இது சுய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் நோட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நோட்டு எழுதுகிறவன் தினமும் தன்னோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், நாளையிலிருந்து நிச்சயம் என்று. காணிப்பாக்கத்தில் பேரம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. சாட்சியும் வேறு ஒருவர். எல்லோருக்கும் பலிக்கிறதா என்று கேட்டால், வாக்குத் தவறுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் "என்னால் தனியாக முடியவில்லை" என்று ஒருவன் வெளியில் சொல்லிவிடுகிறானே, அது பெரிய காரியம்.

அந்தக் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு பாஹுதா என்று பெயர். பாஹு என்றால் கை. இதற்குள்ள கதையை மகாபாரதம் சாந்தி பர்வத்திலும் காணலாம். சங்கர், லிகிதர் என்று இரண்டு சகோதரர்கள், இருவருமே ரிஷிகள். அண்ணாவின் தோட்டத்தில் அவர் இல்லாதபோது தம்பி பழம் பறித்துத் தின்றுவிடுகிறார். "கேட்காமல் எடுத்தது திருட்டு. ராஜாவிடம் போய்ச் சொல்லி தண்டனை வாங்கிக்கொள்" என்கிறார் அண்ணா. ராஜா மன்னிக்கத் தயாராக இருந்தும் லிகிதர் விடவில்லை. கைகள் வெட்டப்படுகின்றன. பிறகு அண்ணா சொற்படி ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்யப் போகும்போது கைகள் திரும்ப முளைக்கின்றன. "இத்தனை தபோபலம் உள்ள நீங்கள் முதலிலேயே என்னைச் சுத்தம் செய்திருக்கக் கூடாதா?" என்று தம்பி கேட்கிறார். தண்டிக்கும் அதிகாரம் ராஜாவுடையது, என்னுடையது அல்ல என்பது அண்ணாவின் பதில்.

இந்தக் கதையில் தண்டனை கடுமையாகத் தோன்றலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. லிகிதர் தனக்குத் தானே நீதிபதியாக உட்காரவில்லை, தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளவும் இல்லை. வெளியே இருந்த ஒரு தராசில் ஏறி நின்றார்.

இதே விஷயத்தை மேல்நாட்டிலும் சிலர் அனுபவத்தில் கண்டார்கள். 1935-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். அவர்களால் உண்டானதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. இன்று சென்னை உட்பட உலகமெங்கும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் முதல் படி, குடியின் முன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. பிறகு தனக்கு மேற்பட்ட ஒரு சக்தியிடம் தன்னை ஒப்படைப்பது, தன் குற்றங்களை இன்னொரு மனிதரிடம் சொல்வது, தீங்கு செய்தவர்களுக்குப் பரிகாரம் செய்வது. பன்னிரண்டாவது படி, தன்னைப் போல் தவிக்கும் இன்னொருவனிடம் போய் உதவுவது. நம் பெரியவர்கள் சரணாகதி என்று சொன்னதற்கு இது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள்! "நான் முன்னேறுவேன்" என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. "என்னால் ஆகவில்லை" என்று ஆரம்பித்தார்கள். முன்னேற்றம் பின்னால் வந்தது.

இரண்டாவது ஊர் மதனப்பள்ளி. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் பிறந்த ஊர். தகப்பனார் நாராயணய்யா ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 1909-ல் குடும்பம் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தது. அங்கே கடற்கரையில் அந்தப் பையனைப் பார்த்த லெட்பீட்டர், இவன் வருங்கால உலக குரு என்று தீர்மானித்தார். 1911-ல் அதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார்கள். நடை, உடை, பேச்சு, ஆகாரம் எல்லாவற்றிலும் பயிற்சி கொடுத்து, ஒரு மனிதனை உலக குருவாக ஆக்கிவிட முடியும் என்று பாடுபட்டார்கள். சுய முன்னேற்றத் திட்டங்களில் இதைவிடப் பெரிது ஒன்று நடந்திருக்குமா என்று தெரியவில்லை!

1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஹாலந்து தேசத்தில் ஓமன் என்ற இடத்தில், ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் முன்னிலையில், அவர் அந்தச் சங்கத்தைக் கலைத்தார். வந்து குவிந்திருந்த சொத்துக்களையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அதற்குப் பிறகு 1986-ல் காலமாகும் வரை ஐம்பத்தாறு வருஷங்கள் ஊர் ஊராகப் போய் அவர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். நான் இன்னும் நல்லவனாக ஆக வேண்டும் என்று பாடுபடுகிற அந்த 'நான்' யார்?

அவருடைய வாதம் விஞ்ஞானம் படித்தவனுக்குப் பிடிபடும். டேவிட் போம் என்ற பெரிய பௌதிக விஞ்ஞானியோடு 1980-ல் நடத்திய சம்வாதங்களில் இதை விவரமாகப் பேசியிருக்கிறார். தச்சு வேலை கற்க, ஒரு பாஷை கற்க, காலம் வேண்டும், படிப்படியாகத்தான் வரும். இந்த வெளி வழக்கத்தை அப்படியே மனசுக்குள்ளும் கொண்டுபோய்விட்டோம் என்பது அவர் கருத்து. கோபக்காரன் "நான் படிப்படியாக சாந்தமாவேன்" என்று ஒரு லட்சியம் வைத்துக்கொள்கிறான். நாளைக்கு வரப்போகும் சாந்தம் இன்றைய கோபத்துக்குத் தவணை கொடுத்துவிடுகிறது. கோபப்படுகிறவனும் அவனே, கோபத்தை அடக்கப் போகிறவனும் அவனே. சுய மதிப்பீடு எழுதுகிறவனும் அதைப் பரிசீலிக்கிறவனும் ஒரே ஆள் என்றால் அந்த அறிக்கை எப்படி இருக்கும்?

கிருஷ்ணமூர்த்தி குருவை ஏற்கவில்லை, சடங்கை ஏற்கவில்லை, மந்திர ஜபத்தை ஏற்கவில்லை. நாம் இவற்றை ஏற்பவர்கள். அவர் சொன்னது எல்லாவற்றோடும் எனக்கும் உடன்பாடு இல்லை. குடியில் மூழ்கிக் கிடக்கிறவனிடம் போய் "உன்னை நீயே கவனி" என்று மட்டும் சொன்னால் போதுமா? அவனுக்குக் காணிப்பாக்கம்தான் முதலில். ஆனால் ஜபக் கணக்கு ஏற ஏறத் தன் மதிப்பும் ஏறுவதாக நினைக்கிறவனுக்கு, ஆசாரத்தில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறோம் என்று நினைக்கிறவனுக்கு, மதனப்பள்ளிக்காரர் கேட்ட கேள்வி நல்ல மருந்து. எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை என்று எந்த டாக்டரும் சொல்வதில்லையே.

நம்மூர் வேதாத்திரி மகரிஷி இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்தார். அவருடைய மனவளக் கலையில் தற்சோதனை என்று ஒரு பகுதி உண்டு. ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று பட்டியல் போட்டு எழுதிப் பார்க்கச் சொல்கிறது. கடைசியில் "நான் யார்?" என்ற விசாரத்தில் கொண்டுபோய் விடுகிறது. பட்டியலோடு நின்றுவிட்டால் நல்ல மனிதராகலாம், அதுவும் சிறிய விஷயமல்ல. ஆனால் பட்டியல் போட்டவனைப் பற்றிய கேள்வி பாக்கியிருக்கும்.

மூன்றாவது ஊர் திருமலை. ராமானுஜரின் தாய்மாமா பெரிய திருமலை நம்பி தினமும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் தீர்த்தம் சுமந்து வந்து பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொடுத்தார். காட்டு வழி, முதிர்ந்த வயது. ஒரு நாள் ஒரு வேடன் வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். இது பெருமாளுக்கு என்று சொல்லி அவர் நடந்தார். வேடன் பின்னாலிருந்து அம்பு விட்டுக் குடத்தில் துளை செய்து குடித்துவிட்டான். வெற்றுக்குடத்தோடு கலங்கி நின்ற நம்பிக்கு, வேடன் பாறையில் இன்னொரு அம்பு விட்டு வரவழைத்துக் கொடுத்ததே ஆகாச கங்கை என்பது வரலாறு. நம்பி எதற்காகக் கலங்கினார் என்று யோசியுங்கள். "இத்தனை வருஷக் கணக்கில் ஒரு நாள் விட்டுப்போயிற்றே" என்றா? பெருமாளுக்குத் திருமஞ்சனம் தாமதமாகிறதே என்றுதான். சுமந்தவரைப் பற்றிய நினைப்பு அங்கே இல்லை. பெருமாளைப் பற்றிய நினைப்புத்தான் இருந்தது.

கைங்கரியம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். செய்கிறவனின் கவனம் தன் மேல் இல்லாத வேலை. காணிப்பாக்கத்தில் 'நான்' தலை குனிகிறது. மதனப்பள்ளியில் 'நான்' கேள்விக்கு ஆளாகிறது. திருமலையில் வேலை மும்முரத்தில் அதற்கு இடமே கிடைப்பதில்லை.

ஆனால் கைங்கரியத்திலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ராமானுஜர் கட்டளையை ஏற்று, குளிருக்கும் காட்டு மிருகங்களுக்கும் அஞ்சாமல் திருமலையில் நந்தவனம் வைக்க வந்தவர் அனந்தாழ்வான். ஏரி வெட்டும்போது கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் உதவ வந்தான். ஆசாரியன் இட்ட வேலையில் வேறொருவர் கை படக்கூடாது என்று அனந்தாழ்வான் மறுத்தார். அவருக்குத் தெரியாமல் சிறுவன் அந்த அம்மாளுக்குக் கை கொடுத்தான். கண்டுபிடித்ததும் கடப்பாரையை எறிந்தார். அது சிறுவன் மோவாயில் பட்டது. கோயிலில் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம். இன்றும் பெருமாள் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுகிறார்கள். அந்தக் கடப்பாரை மகாதுவாரத்துச் சுவரில் மேலே மாட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

சம்பிரதாயம் இதை ஆசாரிய பக்தியின் உச்சமாகக் கொண்டாடுகிறது. அதில் மறு பேச்சு இல்லை. அடியேனுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அத்தனை பெரிய மகானிடத்திலேயே, "இது என் கைங்கரியம்" என்ற எண்ணம் உதவ வந்த குழந்தையைக் காயப்படுத்திவிட்டதே. நாமெல்லாம் எம்மாத்திரம்? பூஜை அறையில் குழந்தை ஏதாவது தொட்டுவிட்டால் நாம் போடும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள் போகிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அந்தக் கடப்பாரை தொங்குவது நல்லதுதான்.

இந்தக் காலத்திலும் இதற்கு வழி இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பா இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கவிதை எழுதினார், திருமலையில் யாத்திரீகர்களுக்கு அன்னதானமும் நடத்தினார். இன்று மலைமேல் இருக்கும் பெரிய அன்னதானக் கூடத்துக்கு அவர் பெயர்தான். 2000-ல் தேவஸ்தானம் ஆரம்பித்த ஸ்ரீவாரி சேவாவில் பல மாநிலங்களிலிருந்து பேர் கொடுத்து வருகிறவர்கள் அங்கே சாதம் பரிமாறுகிறார்கள், வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் தருகிறார்கள். சம்பளம் கிடையாது. ஊரில் பெரிய பதவியில் இருந்தவருக்கும் கிராமத்து விவசாயிக்கும் ஒரே வேலை, ஒரே வாளி. இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கிறவருக்கு, ஊற்றுகிறவர் முன்னாள் இயக்குநரா என்று பார்க்க நேரமில்லை. நம் உறுப்பினர்களில் உடம்பு இடம் கொடுக்கிறவர்கள் ஒரு தடவை போய் வரலாம். முடியாதவர்களுக்கு அவரவர் அகமே போதும். மாமி காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கத்தரிக்காய் நறுக்கிக் கொடுப்பதும் கைங்கரியம்தான், சரியாக நறுக்கவில்லை என்று அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டால். (சிரிப்பு)

இனி முடிவு. சுய முன்னேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாத்திரத்தைத் தேய்த்து வைத்தால்தான் அதில் பால் காய்ச்சலாம். உடம்பைப் பேணுவது, கெட்ட பழக்கத்தை விடுவது, கோபத்தைக் குறைப்பது, நித்ய கர்மாக்களைத் தவறாமல் செய்வது, இவையெல்லாம் தேய்க்கிற வேலை. ஆனால் நாள் முழுவதும் பாத்திரத்தைத் தேய்த்து, அதில் முகம் பார்த்துக்கொண்டே இருந்தால் பால் எப்போது காய்ச்சுவது? யாருக்குக் கொடுப்பது? பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவது நின்று, எதிரே பசியோடு இருப்பவர் கண்ணில் படுகிறாரே, அங்கே ஆன்மீகம் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே ஒரு யோசனையோடு முடித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் நம் சுய மதிப்பீட்டை நாம் எழுத வேண்டாம். கூடவே இருப்பவரிடம் கொடுத்துவிடுவோம். மனைவியிடம், கணவரிடம், மருமகளிடம், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் என்னிடம் பேசுவது உங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறதா?" என்ன பதில் வந்தாலும் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வோம். அவர்கள் பரிசீலித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அறிக்கை செல்லுபடியாகும்.